கண்டனூர் அம்பாசடருக்கு மாற்று கிராங்க்: 30,000 ரூபாய்க்குள் செய்த எஞ்சின் வேலையின் முழு விவரம்

கார் 1980களின் நடுவில் பதிவான மார்க் 4 அம்பாசடர். பெட்ரோல், 1489 சி.சி. கண்டனூரில் ஓர் ஆச்சி வீட்டுக் கார். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று கோயிலுக்கும், தை, வைகாசிக் கல்யாணங்களுக்கும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் நிற்கும்.

எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் விழுவதாக டிரைவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடு ஏறும்போது அடியில் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தமும் இருந்தது. திருமயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது அந்தச் சத்தம் சுத்தியலால் அடிப்பதுபோல் பெரிதாகிவிட்டது. அவர் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துவந்தார். இந்த வேலை சின்னச் செலவில் முடிந்ததற்கு முதல் காரணம் அவர்தான். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைப்பது ராடு. இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்திருக்கும். அப்புறம் கிராங்க் மாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆச்சி போட்ட நிபந்தனை இரண்டு. “தம்பி, முப்பதாயிரத்துக்கு மேல ஒரு ரூவா ஆகக் கூடாது. என்ன செலவுன்னு வரிக்கு வரி எழுதிக் குடுக்கணும்.” கணக்கு எழுதிப் பழகிய வீடு. அந்தக் கணக்கை விரித்து எழுதினால் பழைய கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். கையில் பணம் குறைவாக இருக்கும்போது அதில் பெரும்பங்கு அளவெடுப்புக்கும் சுத்தத்துக்கும் போக வேண்டும், பளபளக்கும் பாகத்துக்குப் போகக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது

காரைக்குடி பட்டறையில் செயின் பிளாக் போட்டு எஞ்சினை இறக்கினோம். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றியதும் உள்ளே விரல் தடிமனுக்குக் கரும்பசை. ஆயில் பம்ப்புக்கு ஆயில் இழுக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. மூன்றாவது ராடின் கீழ்முனை மூடியான கேப்பைத் திறந்தபோது, ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவே அமரும் பேரிங் ஷெல்லின் வெள்ளை உலோகம் முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஷெல் இருக்கையை விட்டு நகர்ந்து, ராடு மாட்டும் கிராங்க்கின் உருளைப் பகுதியான ‘பின்’னோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியிருந்தது. கிராங்க் பின் நீலம் பாய்ந்து, நகம் மாட்டுகிற அளவுக்கு வரிவரியாகக் கீறியிருந்தது. நடு மெயின் பேரிங்கும் நல்ல தேய்மானம்.

இந்த இரண்டு சேதத்துக்கும் சம்பந்தம் உண்டு. அம்பாசடரின் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ் வகை. நாலு சிலிண்டர், ஆனால் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றுதான். நாலு பின்னுக்கு மூன்று மெயின் என்பதால், நடு மெயின் வழியாகப் போகும் ஆயில்தான் இரண்டாவது, மூன்றாவது பின் இரண்டுக்கும் பிரிகிறது. ஸ்ட்ரெய்னர் அடைத்து ஆயில் வரத்து குறைந்தால் முதலில் தவிப்பது இந்த இடம்.

கிராங்க்கை வெளியே எடுத்து மைக்ரோமீட்டர் வைத்தோம். இந்த எஞ்சினின் பின் புதிதில் ஏறக்குறைய 47.65 மி.மீ., மெயின் 50.8 மி.மீ. நல்ல நிலையில் இருந்த முதல் பின்னே 46.6 மி.மீ. காட்டியது. அதாவது முன்பே 40 அண்டர் சைஸ் வரை அரைத்து விட்டம் குறைத்த, கிரைண்டிங் செய்யப்பட்ட கிராங்க். அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த எஞ்சினுக்குப் பேரிங் 10, 20, 30, 40 என்றுதான் வரும். அதற்குக் கீழே ஷெல் இல்லை. கீறிய பின்னை இன்னும் அரைத்துச் சரிசெய்ய இடமே இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பு கிரைண்டிங் செய்தவர் பின்னும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் இருக்க வேண்டிய வளைவை விடாமல் கூராக வெட்டியிருந்தார். ஆயில் துளையின் விளிம்பும் கத்திபோல் இருந்தது. அந்த விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஷெல்லைச் சுரண்டும். ஷெல்களை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளை உலோகத்தில் சிவப்புத் துகள்கள் பதிந்திருந்தன. நம் ஊர்ச் செம்மண். ஆயில் ஊற்றும் மூடிக்குள் இருக்க வேண்டிய காற்று வடிகட்டி எப்போதோ காணாமல் போய், வெறும் தகர மூடி மட்டும் இருந்தது.

ஆக, கிராங்க் போனதற்குக் காரணம் கிராங்க் இல்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயில், கொஞ்ச தூரமே ஓடி முழுச்சூடு ஏறாததால் உள்ளே தேங்கிய ஈரம், அதனால் வந்த பசை, அடைத்த ஸ்ட்ரெய்னர், மண், கூரான துளை விளிம்பு. இவற்றைத் தீர்க்காமல் நல்ல கிராங்க் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இருந்த வழிகள்

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்று ஆச்சியின் பேரன் சிங்கப்பூரிலிருந்து சொன்னார். 1990களின் தொடக்கத்தில் அம்பாசடரில் வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சின் நல்ல எஞ்சின்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஐந்து கியர் பெட்டி, மவுண்டிங், புரொப்பல்லர் ஷாப்ட் என்று எல்லாம் கூடவே மாறும். செலவு வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். அதோடு எஞ்சின் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி அதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் திருத்த வேண்டும். 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எண் பொருந்தாமல் அலைவது யாருக்கும் வேண்டாம். கிராங்க் மட்டும் மாற்றினால் பிளாக் அதேதான், எண் அதேதான்.

பழைய பின்னில் வெல்டிங் ஏற்றி மறுபடி அரைப்பது இன்னொரு வழி. லாரி கிராங்க்குகளுக்குச் செய்கிறார்கள். அதற்கான பிரத்யேக மெஷினும் அனுபவமும் உள்ள இடத்தில் செய்தால் ஓடும். ஆனால் வெப்பத்தில் கிராங்க் வளையும், நிமிர்த்த வேண்டும், மூலையில் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே மூலை வளைவு போன கிராங்க்குக்கு அந்தச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மிச்சமிருந்தது, இன்னும் அரைக்க இடமுள்ள பழைய கிராங்க் ஒன்றைத் தேடுவது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. புதுக் கிராங்க் என்று பெட்டியில் வைத்துக் காட்டினாலும் அது எத்தனை காலம் எங்கே கிடந்தது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

தேடும்போது வரும் ஆசை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். “டீசல் அம்பாசடர் கிராங்க் இருக்கு, அதுவும் இதே ஸ்ட்ரோக்தான், இன்னும் பலமா இருக்கும்” என்று ஒரு கடையில் சொன்னார்கள். 1489 சி.சி. டீசல் எஞ்சினுக்கும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. என்பது உண்மை. ஆனால் ஸ்ட்ரோக் ஒன்று என்பதால் கிராங்க் ஒன்றாகிவிடாது. டீசலின் பிஸ்டன், ராடு எடை வேறு, அதற்கு ஏற்றபடிதான் கிராங்க்கின் எதிர் எடைகளும் அமைந்திருக்கும். பொருத்திப் பார்த்து, பேலன்ஸ் செய்து, பேரிங் தேடி என்று இறங்கினால் மலிவாகத் தொடங்கிய வேலை மலிவாக முடியாது. அதே வகைப் பெட்ரோல் எஞ்சினின் கிராங்க்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தோம்.

இரண்டு கிராங்க், ஒரு சுண்ணாம்புக்கட்டி

முதலில் வெளியூரில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கிராங்க் வந்தது. கண்ணுக்கு அழகான கிராங்க். துருவே இல்லை, எமரி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மைக்ரோமீட்டரில் 10 அண்டர் சைஸ்தான். விலையும் கட்டுபடியானது. சரி, வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ‘விரிசல் இருந்தால் திருப்பித் தருவேன், பணம் தர வேண்டும்’ என்று பேசி எடுத்துவந்தோம்.

விரிசல் பார்க்கும் காந்தச் சோதனைக்குப் போகும் முன் பட்டறையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கிராங்க்கை இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். காலையில் எடுத்து, சொட்டு ஈரம் இல்லாமல் துணியால் துடைத்து, பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதும் சுண்ணாம்புக்கட்டியை அரைத்து மெல்லிசாகப் பூசினோம். பிறகு ஒரு மரச் சுத்தியலால் எதிர் எடைகளை லேசாகத் தட்டிக்கொண்டே வந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பின்னின் மூலையில், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே, தலைமுடி போல ஈரக்கோடு ஒன்று ஊறி எழுந்தது. சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பூசினோம். அதே இடம், அதே கோடு. எமரி போட்டு மினுக்கிய இடத்துக்கு நேர் பக்கத்தில் அது இருந்தது.

தொங்கவிட்டுத் தட்டினாலும் அந்தக் கிராங்க்கில் மணிச்சத்தம் எழவில்லை, மொத்தென்று அடங்கியது. அடித்து உருவாக்கிய நல்ல போர்ஜிங் கிராங்க் ஒரு கணமாவது ரீங்கரிக்கும். கிராங்க் திரும்பிப் போனது. கடைக்காரர் பேசியபடி பணத்தைக் கொடுத்தார். பார்சல் செலவு 500 ரூபாய் மட்டும் நம் கணக்கில்.

இரண்டாவது கிராங்க் அறந்தாங்கிப் பக்கம் ஒரு தோப்பில், ஓடாமல் கிடந்த அம்பாசடரில் கிடைத்தது. வெளியே துரு, அழுக்கு. பார்த்தால் வாங்கத் தோன்றாது. ஆனால் பிரிக்காத எஞ்சின் என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சம்ப்பைத் திறந்தால் அந்தக் கிராங்க் எப்படி வாழ்ந்தது என்று பேரிங்கே சொல்லிவிடும். இதில் ஷெல்கள் ஒரே சீராக, சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தன. ஆயில் பற்றாக்குறை வந்த அடையாளம் எதுவும் இல்லை. ஷெல்லின் முதுகில் 20 என்று அடித்திருந்தது. பிளைவீல் பொருந்தும் முகமும் துளைகளும், கியர் பெட்டி ஷாப்ட் அமரும் பைலட் புஷ்ஷும் நம் எஞ்சினோடு ஒத்துப்போவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். கிராங்க், இரண்டு கனெக்டிங் ராடு, ஆயில் பம்ப் சேர்த்து 7,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். சுண்ணாம்புச் சோதனையிலும் தேறியது, பிறகு காந்தச் சோதனையிலும் தேறியது.

ராடும் சேர்த்து வாங்கியதற்குக் காரணம், ஷெல் சுற்றியதில் நம் மூன்றாவது ராடின் பெரிய கண் வட்டம் கெட்டிருந்தது. இந்த எஞ்சினில் ராடுகளின் பெரிய முனை சாய்வாகப் பிளந்திருக்கும், ஒரு பக்கம் ஒதுங்கியும் இருக்கும். ஒன்றும் மூன்றும் ஒரு மாதிரி, இரண்டும் நாலும் ஒரு மாதிரி. கண்டதை எடுத்து மாட்ட முடியாது. பக்கத்து மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசைக் கேட்டு வாங்கி நாலு ராடையும் நிறுத்தோம். புதிதாக வந்ததில் எது மற்ற மூன்றோடு ஒருசில கிராமுக்குள் நிற்கிறதோ அதையே எடுத்துக்கொண்டோம். மிச்ச வித்தியாசத்தைக் கேப்பின் அடியில் உள்ள தடித்த பகுதியில் கொஞ்சம் ராவிச் சமன் செய்தோம். ராடின் தண்டில் ஒருபோதும் அரம் படக் கூடாது.

கிரைண்டிங்: பேரிங் முதலில், அரைப்பது பிறகு

கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து நடு மெயினில் டயல் கேஜ் விட்டுச் சுற்றினோம். முள் மொத்தம் 0.04 மி.மீ. ஆடியது. கிரைண்டிங் பட்டறையில் 0.05 வரை ஏற்பார்கள். நிமிர்த்தத் தேவை இல்லை. பின்களை ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரத்திலும், நெடுக்காகவும் குறுக்காகவும் அளந்தோம். மூன்றாவது பின்னில் வட்டம் 0.04 மி.மீ. கெட்டிருந்தது. 0.025க்கு மேல் என்றால் அரைத்துத்தான் ஆக வேண்டும். எனவே 20இல் இருந்ததை 30 ஆக்குவது என்று முடிவானது. 40க்கு இன்னும் ஒரு படி கையிருப்பில் இருக்கும்.

சிக்கனமாக வேலை செய்கிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் இது. கிராங்க்கை அரைத்துவிட்டு அப்புறம் பேரிங் தேடக் கூடாது. 30 சைஸ் மெயின் பேரிங் செட்டும், ராடின் பெரிய முனைக்கான பிக் எண்ட் செட்டும் கைக்கு வந்த பிறகுதான் கிராங்க்கை அனுப்பினோம். கடைகளில் 20 கிடைக்கும், 40 கிடைக்கும், 30 கிடைக்காது என்பது இந்த எஞ்சினில் அடிக்கடி நடப்பது. அரைத்துவிட்டுப் பேரிங் கிடைக்காமல் போனால் மறுபடி ஒருமுறை அரைக்கக் கூலி, கிராங்க்கின் ஆயுளிலும் ஒரு படி வீண்.

திருச்சியில் கிரைண்டிங் செய்பவரிடம் கிராங்க்கோடு பேரிங்கையும் கொடுத்தேன். “அண்ணே, பழைய கிராங்க்ல மூலை வளைவு இல்லாம வெட்டிட்டாங்க. ரேடியஸ் வச்சுக் கல்லை டிரஸ் பண்ணிட்டுத்தான் அரைக்கணும்” என்றேன். அவர் பழைய கிராங்க்கின் மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதை இப்படி அரைச்சவன் இன்னும் தொழில் பண்றானா?” என்று கேட்டார். வேலை தெரிந்தவர். நாலு பின், மூன்று மெயின் என ஏழு ஜர்னலையும் அரைத்து, ஆயில் துளை விளிம்பைக் கையாலேயே மழுக்கி, கடைசிப் பாலிஷை எஞ்சின் சுழலும் திசையிலேயே கொடுத்தார். 2,800 ரூபாய். இந்தக் காசில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பட்டறைக்கு வந்ததும் எங்கள் வேலை ஆயில் துளைகள். அரைத்த தூள் உள்ளே தங்கியிருக்கும். நீளமான நைலான் பிரஷ், மண்ணெண்ணெய், பிறகு கம்ப்ரஸர் காற்று, மறுபடி பிரஷ். வெள்ளைத் துணியை முறுக்கித் துளைக்குள் விட்டு இழுத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அதுவரை விடவில்லை. பிளாக்கின் ஆயில் வழிகளுக்கும் இதே பாடுதான், அங்கே அடைப்புத் திருகுகளையும் கழற்றிக் குடைந்தோம். இதற்குப் பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நேரம்தான் போகும், அதனால்தான் பல இடங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை கிராங்க் வேலை முடிந்து சீக்கிரமே மறுபடி சத்தம் வரும் எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெட்டிருக்கும்.

கோர்த்தது

ஷெல், கிராங்க், கேப் மூன்றையும் உலர வைத்து, நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து இறுக்கிக் கழற்றிப் பார்த்தோம். ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பொதுவான கணக்கு. இந்த அளவுக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. நமக்கு மெயினில் 0.05, பின்களில் 0.04 முதல் 0.05 வரை வந்தது. மெயின் கேப் 70 அடி-பவுண்டு, ராடு 35 அடி-பவுண்டு என்பது பி-சீரிஸ் இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் கை அனுபவத்தில் இறுக்குகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ராடு போல்ட்டில் அதைச் செய்யவே கூடாது. ராடு போல்ட்டின் லாக் வாசர்களைப் புதிதாகப் போட்டு மடித்தோம்.

கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவை நடு மெயினின் இரு பக்கமும் உள்ள திரஸ்ட் வாசர்கள்தான் கட்டுப்படுத்தும். 0.05இலிருந்து 0.08 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். புது வாசர் போட்டதும் 0.07 காட்டியது.

கிராங்க் மாற்றும்போது பலர் கவனிக்காத ஒன்று, வால்வுகளை இயக்கும் கேம்ஷாப்ட்டைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் செயின். கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய தகட்டு வளையங்கள் இருக்கும். பழைய கிராங்க்கில் எத்தனை இருந்ததோ அத்தனையையே புதியதிலும் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைப்பார்கள். கிராங்க் மாறினால் சக்கரம் அமரும் தூரமும் மாறலாம். இரண்டு சக்கரத்தின் முகத்திலும் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்ததில் கீழ்ச்சக்கரம் உள்வாங்கி இருந்தது. ஒரு வளையம் கூட்டியதும் நேரானது. இதை விட்டிருந்தால் செயின் ஒரு பக்கமாக இழுத்துத் தேய்ந்திருக்கும். அதற்கு முன்னால் வரும் ஆயில் தெறிப்புத் தட்டில் ‘எஃப்’ எழுத்து உள்ள பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முன்பக்கம் ஆயில் கசியும்.

ஆயில் பம்ப் இரண்டு இருந்தன, நம்முடையது, அறந்தாங்கியில் வந்தது. ரோட்டர் பற்களின் இடைவெளியைப் பீலர் கேஜில் பார்த்தோம். 0.15 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. நம்முடையது தாண்டியிருந்தது, வந்தது உள்ளே இருந்தது. அதையே போட்டோம். புது ஸ்ட்ரெய்னர் வலை, ஆயில் மூடிக்குக் காற்று வடிகட்டி இரண்டும் பட்டறையில் கிடந்த மிச்சப் பாகங்களிலிருந்து கிடைத்தன.

போரில் 0.1 மி.மீ. தேய்மானம். புதிதாகப் போரிங் செய்து பிஸ்டன் மாற்றினால் நன்றாக இருக்கும், ஆனால் வரம்பு இடம் கொடுக்கவில்லை, அவசியமும் இல்லை. மேல் விளிம்பில் உள்ள திட்டை எடுத்துவிட்டு, சிலிண்டர் சுவரைச் சீராகத் தேய்க்கும் ஹோனிங் செய்து, பழைய பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டோம். திட்டை எடுக்காமல் புது ரிங் போட்டால் மேல் ரிங் அதில் மோதி உடையும்.

கணக்கு

ஆச்சிக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்: கிராங்க், ராடு, பம்ப் 7,500. வண்டி வாடகையும் பார்சலும் 600. திருப்பிய கிராங்க்குக்கு 500. காந்தச் சோதனை 800. கிரைண்டிங் 2,800. மெயின், பிக் எண்ட், திரஸ்ட் வாசர் 3,700. கேஸ்கெட் செட் 1,400. ரிங்கும் ஹோனிங்கும் 2,700. இரண்டு தடவைக்கான ஆயில், பில்டர் 3,000. கூலி 6,500. ஆக மொத்தம் 29,500.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். “எண்ணெய்க்கு ஏன் ரெண்டு வாட்டி?” என்றார். முதல் ஆயில் உள்ளே மிச்சமிருக்கும் அழுக்கைக் கழுவத்தான் ஆச்சி, 500 கிலோமீட்டரில் கொட்டிவிட வேண்டும் என்றேன். “சரி, அது ஞாயம்” என்றார். இந்தக் கணக்கில் எதையாவது குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் ரிங்கைத் தள்ளிப்போட்டிருப்பேன். காந்தச் சோதனையையும் இரண்டாவது ஆயிலையும் குறைக்கச் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஓடியபோது

முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினோம். ஆயில் பிரஷர் முள் எழும்வரை தீப்பொறி கொடுக்கவில்லை. பிறகு 20W-50 ஆயிலில் எஞ்சின் பிடித்தது. சூடான பிறகு ஆயில் பிரஷர் ஐடிலில் 20 பவுண்டு, 50 கி.மீ. வேகத்தில் 50 பவுண்டு. முன்பு சூடானதும் ஐடிலில் முள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. முதல் 500 கிலோமீட்டர் 60க்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல், கியரை இழுக்க வைக்காமல் ஓட்டச் சொன்னோம். டிரைவர் தேவகோட்டை, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றி அந்தத் தூரத்தை முடித்தார். கொஞ்ச தூரம் ஓட்டி அணைக்காமல், ஒவ்வொரு முறையும் முழுச்சூடு ஏறும்வரை ஓட்டினார்.

ஒரு குறை இருக்கிறது. பின்பக்கம், கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில் சொட்டுகிறது. இந்த எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுக் கோடுதான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். அதனால் ஓடும்போது கசிவு குறைவு, நிறுத்தியதும் சொட்டும். அறந்தாங்கிக் கிராங்க்கின் திருகுக் கோடு விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருந்தது. எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைச் சுத்தம் செய்ததில் பாதி குறைந்தது, மீதியை ஏற்றுக்கொண்டோம். ரப்பர் சீல் பொருத்தும் மாற்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மறுபடி எஞ்சினை இறக்கும் அளவுக்கு இது பெரிய கசிவு இல்லை.

500இல் ஆயிலை வடித்தபோது பழைய பில்டரைப் பிளந்து, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தோம். வெள்ளை உலோகத் துணுக்கு இல்லை, செம்புச் சிமிட்டல் இல்லை. கரும்பசை மட்டும் இன்னும் கொஞ்சம் வந்திருந்தது, அது பிளாக்கின் ஏதோ மூலையிலிருந்து கரைந்து வந்தது. அதனால் அடுத்த ஆயிலை 1,500 கிலோமீட்டரிலும், அதன் பிறகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். சூடான ஐடிலில் முள் காட்டும் பவுண்டை ஒவ்வொரு கோயில் பயணத்திலும் டிரைவர் ஒரு நோட்டில் எழுதிவருகிறார். 15க்குக் கீழே வந்தால் சம்ப்பைத் திறப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.